இரண்டு கிரெடிட் கார்டு வீடு தேடி வருகிறது, எதை வைத்துக்கொள்வது?

காவேரிப்பட்டணம்_தம்பி | ஞாயிறு, இரவு 9.12

எல்லோருக்கும் வணக்கம். ஓசூர் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறேன். பிடித்தம் போகக் கைக்கு 38,000 வருகிறது. போன வாரம் ஷிப்டு முடிந்து வெளியே வந்தால், கேட்டுக்கு எதிரில் குடை நட்டு, மேசை போட்டு, ஒரு பையன் நின்றுகொண்டிருந்தான். "அண்ணா, ஆயுளுக்கும் கட்டணமே இல்லாத கார்டு. இன்றைக்கே கையெழுத்துப் போட்டால் 500 ரூபாய் கூப்பன்" என்றான். கூப்பன் கிடக்கட்டும், அந்த வெயிலில் அவன் நின்ற நிலையைப் பார்த்தே ஆதார் நகலைக் கொடுத்துவிட்டேன்.

மறுநாள் இன்னொரு இடத்திலிருந்து போன். இந்தக் கார்டுக்கு வருடக் கட்டணம் 999. ஆனால் ஆன்லைனில் எது வாங்கினாலும் 5 சதவீதம் திரும்ப வருமாம். குடைக்காரப் பையனின் கார்டில் 1 சதவீதம்தான்.

வீடு சொந்தம், வாடகை கிடையாது. பைக் தவணை 3,400. தெருவில் ஓர் அக்கா நடத்தும் ஏலச்சீட்டுக்கு மாதம் 5,000. மகள் இரண்டாம் வகுப்பு. துணிமணி, மளிகையில் பாதி, போன் ரீசார்ஜ் என்று ஆன்லைனில் மாதம் ஒன்பதாயிரம் வரை போகிறது. எந்தக் கார்டு லாபம்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஓசூர்_கணக்கன் | ஞாயிறு, இரவு 9.40

இதற்குக் கருத்துச் சொல்ல ஆள் வேண்டாம், கால்குலேட்டர் போதும்.

மாதம் 9,000 என்றால் வருடத்துக்கு 1,08,000. ஐந்து சதவீதத்தில் 5,400 வரும். கட்டணம் 999, அதற்கு ஜிஎஸ்டி 18 சதவீதம் சேர்த்து 1,179. மிச்சம் 4,221. இலவசக் கார்டில் 1 சதவீதம் என்றால் 1,080தான். ஆக, கட்டணக் கார்டே முன்னால் நிற்கிறது. இரண்டும் சமமாகும் இடத்தையும் போட்டுப் பார்த்தேன்: மாதம் 2,500 ரூபாய்க்கு மேல் ஆன்லைனில் வாங்குபவருக்குக் கட்டணக் கார்டு, அதற்குக் கீழே என்றால் இலவசக் கார்டு.

நான் வைத்திருப்பதும் இதே ஜோடிதான். அமேசான் பே ஐசிஐசிஐ கார்டுக்கு ஆண்டுக் கட்டணம் கிடையாது. பிரைம் உறுப்பினராக இருந்தால் அமேசானில் 5 சதவீதம், இல்லாவிட்டால் 3, வெளியே 1. எரிபொருளுக்கும் தங்கத்துக்கும் ஒன்றும் கிடையாது. இன்னொன்று எஸ்பிஐ கேஷ்பேக் கார்டு. வருடத்தில் 2 லட்சம் செலவு காட்டினால் அந்த 999-ஐ விட்டுவிடுவார்கள். நான் சொல்வது நான் வாங்கியபோது இருந்த விதி. வங்கிகள் இதையெல்லாம் அடிக்கடி மாற்றும். கையெழுத்துக்கு முன்னால் அன்றைய விதியை ஒரு முறை படித்துவிடுங்கள்.

விமான நிலைய ஓய்வறை இலவசம் என்று யாராவது ஆசை காட்டினால் சிரித்துவிட்டு வந்துவிடுங்கள். நமக்குப் பக்கத்து விமான நிலையம் பெங்களூருக்கும் அந்தப் பக்கம். அங்கே போய்ச் சேரும் டீசல் காசில் கிருஷ்ணகிரியில் குடும்பத்தோடு உட்கார்ந்து பிரியாணி சாப்பிட்டுவிடலாம்.

தொப்பூர்_லாரி | ஞாயிறு, இரவு 10.05

இரண்டும் வேண்டாம். கையில் காசு இருந்தால் வாங்கு, இல்லையென்றால் வாங்காதே. எங்கள் அப்பா அப்படித்தான் இரண்டு லாரி வாங்கினார்.

ஓசூர்_கணக்கன் | ஞாயிறு, இரவு 10.11

அப்பா லாரியை ரொக்கம் கொடுத்தா வாங்கினார்?

தொப்பூர்_லாரி | ஞாயிறு, இரவு 10.14

பைனான்ஸில்தான். அது வேறு. லாரி சம்பாதிக்கும், உங்கள் போன் சம்பாதிக்குமா?

பழைய_காசாளர் | திங்கள், காலை 6.20

தருமபுரியில் ஒரு வங்கிக் கிளையில் முப்பது வருடம் கவுண்ட்டருக்குப் பின்னால் உட்கார்ந்தவன் நான். தம்பிக்குப் பதில் சொல்லும் முன் எனக்கு ஒரு சந்தேகம். வருகிற இரண்டு கார்டைப் பற்றி விலாவாரியாக எழுதியிருக்கிறீர்கள். ஏற்கெனவே கையில் கார்டு ஏதும் இருக்கிறதா? இருந்தால் போன மாத பில்லில் ‘மொத்த பாக்கி’ என்ற இடத்தில் என்ன எண் போட்டிருந்தது?

காவேரிப்பட்டணம்_தம்பி | திங்கள், மதியம் 1.30

ஐயா, சாப்பாட்டு இடைவேளையில் எழுதுகிறேன். ஒரு கார்டு இருக்கிறது. மூன்று வருடமாக. பாக்கி 60,000 சுமார். ஆனால் தவறாமல் கட்டிக்கொண்டுதான் இருக்கிறேன். மாதம் 3,000. ஒரு மாதம்கூட விட்டதில்லை. அதனால்தான் புதிய கார்டு தருகிறோம் என்று கூப்பிடுகிறார்கள் என நினைக்கிறேன்.

பழைய_காசாளர் | திங்கள், மாலை 5.45

நினைத்தேன்.

நம் ஊர்ப் பேச்சில் சொல்கிறேன். வெளியில் கடன் வாங்கினால் என்ன கேட்போம்? ‘எத்தனை வட்டி?’ என்போம். நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய் என்றால் இரண்டு வட்டி. மூன்று வட்டி என்று ஒருவன் சொன்னால், ‘அநியாயம்’ என்று திண்ணையை விட்டு எழுந்து வந்துவிடுவோம். பல கிரெடிட் கார்டுகளின் வட்டி மாதம் 3.5 முதல் 3.75 சதவீதம். அதாவது மூன்றரை வட்டி, மூன்றே முக்கால் வட்டி. அந்த வட்டியின் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி வேறு. மூன்றரை என்பது நான்கை எட்டிவிடும், மூன்றே முக்கால் நாலரைக்குப் பக்கத்தில் போய் நிற்கும். மீட்டர் வட்டிக்காரனாவது நேரில் வந்து கதவைத் தட்டுவான், நமக்கும் உறைக்கும். இது குளிர்சாதன அறையில் உட்கார்ந்துகொண்டு ‘அன்புள்ள வாடிக்கையாளரே’ என்று எழுதும்.

உங்கள் கணக்கு இது. பாக்கி 60,000. மூன்றரை வட்டியில் ஒரு மாதத்துக்கு 2,100. ஜிஎஸ்டி 378. இரண்டும் சேர்த்து 2,478. நீங்கள் கட்டும் 3,000-இல் அசலுக்குப் போவது 522 ரூபாய். ஐந்நூற்று இருபத்திரண்டு.

நண்பர் கணக்கன் காட்டிய வருட லாபம் 4,221. உங்கள் இரண்டு மாத வட்டி 4,956.

இன்னொன்று. அந்தக் கார்டை இப்போதும் தேய்க்கிறீர்களா?

காவேரிப்பட்டணம்_தம்பி | திங்கள், இரவு 8.50

பெட்ரோலுக்கு மட்டும், ஐயா. ஐம்பது நாள் வரை வட்டி இல்லை என்றார்களே.

பழைய_காசாளர் | திங்கள், இரவு 9.02

அந்தச் சலுகை, முந்தைய பில்லை முழுதாகக் கட்டியவருக்கு மட்டும். பழைய பாக்கி கொஞ்சம் நின்றாலும் புதிதாக வாங்குவதற்கு வட்டியில்லாக் காலம் கிடையாது. காலையில் பங்க்கில் போட்ட 300 ரூபாய் பெட்ரோலுக்கு அன்று முதலே மீட்டர் ஓடுகிறது. கார்டில் ரொக்கம் எடுத்தால் இன்னும் மோசம். அதற்கு எப்போதுமே முதல் நாளிலிருந்து வட்டி, எடுத்ததற்குத் தனிக் கட்டணமும் உண்டு.

பாலக்கோடு_டீச்சர் | திங்கள், இரவு 9.30

ஐயா சொன்னது எனக்கே நடந்திருக்கிறது. 2019-இல், ஜூன் 3 என்று நினைவு, பள்ளி திறந்த நேரம். தருமபுரியில் 20,000 ரூபாய்க்கு வாஷிங் மெஷின் வாங்கினோம். பில் ஜூன் 20, கெடு ஜூலை 10. கெடு நாளன்று கணக்கில் 19,000தான் இருந்தது. அதைக் கட்டிவிட்டு, மீதி ஆயிரம்தானே, அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். அடுத்த பில்லில் வட்டி 863, ஜிஎஸ்டி 155. மொத்தம் 1,018. ஆயிரம் ரூபாயை விட்டதற்கு ஆயிரத்துப் பதினெட்டு ரூபாய்!

கணக்கு டீச்சருக்கே இப்படி. போன் செய்து சண்டை போட்டேன். எதிர்முனையில் இருந்த பெண் பொறுமையாக விளக்கினாள்: முழுதும் கட்டாததால், 20,000-க்கும் வாங்கிய நாளிலிருந்து கட்டிய நாள் வரை, அதாவது 37 நாளுக்கும், மீதி நின்ற ஆயிரத்துக்கு அடுத்த பில் வரை பத்து நாளுக்கும் வட்டி போட்டிருக்கிறார்களாம். வருட வட்டி 42 சதவீதம் வைத்து நானே போட்டுப் பார்த்தேன். பைசா பிசகவில்லை. அந்தக் கோபம் இன்றும் தீரவில்லை. எட்டாம் வகுப்பில் தனிவட்டி, கூட்டுவட்டி நடத்தும்போது அந்தப் பில்லின் நகலைத்தான் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறேன்.

தம்பி, உங்கள் மனைவிக்கு இந்த 60,000 தெரியுமா?

காவேரிப்பட்டணம்_தம்பி | திங்கள், இரவு 9.41

கார்டு இருப்பது தெரியும்.

பாலக்கோடு_டீச்சர் | திங்கள், இரவு 9.43

நான் கேட்டது அதுவல்ல.

ஓசூர்_கணக்கன் | திங்கள், இரவு 10.20

பாக்கி இருப்பது தெரிந்திருந்தால் முதல் பதிலையே வேறு மாதிரி எழுதியிருப்பேன். என் கணக்கு, மாதாமாதம் முழு பில்லையும் கட்டுபவருக்கு மட்டும் பொருந்தும். நான் சம்பளக் கணக்கிலிருந்து முழுத் தொகையும் தானாகப் போகும்படி வைத்திருக்கிறேன். இங்கே ஒரு பொறி உண்டு. தானியங்கிக் கட்டணம் பதியும்போது ‘முழுத் தொகையா, குறைந்தபட்சத் தொகையா’ என்று கேட்கும். அவசரத்தில் இரண்டாவதைத் தட்டிவிட்டு, எல்லாம் சரியாகப் போகிறது என்று வருடக்கணக்கில் நிம்மதியாக இருப்பவர்களை எனக்குத் தெரியும்.

இப்போது செய்யக்கூடியது: வங்கியைக் கூப்பிட்டுப் பாக்கியைத் தவணையாக மாற்றச் சொல்லுங்கள். வருடத்துக்கு 16 சதவீதம் என்று கொடுத்தால், பன்னிரண்டு மாதம், மாதம் 5,444. வட்டி மொத்தம் 5,300-ஐ ஒட்டி வரும், அதன்மேல் ஜிஎஸ்டி 960 போல. இப்போது வருடத்துக்குக் கிட்டத்தட்ட 30,000 வட்டி கட்டுகிறீர்கள். எது மேல்?

போச்சம்பள்ளி_ஜவுளி | செவ்வாய், காலை 7.15

ஞாயிற்றுச் சந்தையில் கடை போடுபவன் நான். அந்தத் தம்பி மாதம் 5,000 சீட்டுக் கட்டுகிறாரே, அதை ஏன் யாரும் கண்டுகொள்ளவில்லை? ஏலத்தில் கொஞ்சம் தள்ளி, அதாவது விட்டுக்கொடுத்து, முன்கூட்டியே எடுத்துக் கடனை அடைத்துவிட வேண்டியதுதானே? ஒரு லட்சம் சீட்டா? எத்தனையாவது மாதம்?

காவேரிப்பட்டணம்_தம்பி | செவ்வாய், மதியம் 1.20

ஆமாம் அண்ணா, இருபது பேர், ஒரு லட்சம். ஒன்பது மாதம் முடிந்தது. போன மாதம் 18,000 தள்ளிப் போனது.

பழைய_காசாளர் | செவ்வாய், மாலை 4.10

18,000 தள்ளினால் கைக்கு 82,000. அறுபதை அடைக்கப் பதினெட்டை விடுவதா? அதற்குப் பதில் வீட்டில் கொஞ்சம் நகை இருந்தால் வங்கியில் வைத்து 60,000 வாங்கிவிடலாம். வருட வட்டி 10 சதவீதம் என்றே வையுங்கள், நம் கணக்கில் ஒரு ரூபாய் வட்டிகூட இல்லை, எண்பத்து மூன்று பைசா. முழு வருடமும் அசலைத் தொடாவிட்டாலும் 6,000. மாதாமாதம் அசலில் கட்டிக்கொண்டே வந்தால் பாதிதான் ஆகும். சீட்டுப் பணத்தைக் கடைசியில் தள்ளில்லாமல் எடுக்கலாம்.

பதிவு செய்த சீட்டா அது? 1982 முதல் சட்டம் இருக்கிறது, பதிவில்லாமல் நடத்தக் கூடாது. அந்த அக்கா நல்லவராகவே இருக்கட்டும். நான் பார்த்த ஓடிப்போன சீட்டுக்காரர்கள் எல்லோருமே அதற்கு முந்தைய நாள்வரை நல்லவர்கள்தான்.

போச்சம்பள்ளி_ஜவுளி | செவ்வாய், மாலை 6.30

காசாளர் ஐயா, வங்கிக்காரர்களுக்குச் சீட்டென்றால் ஆகாது என்பது தெரிந்ததுதான். எனக்கு முதன்முதலில் கடை வைக்கப் பணம் கொடுத்தது சீட்டு. உங்கள் கவுண்ட்டரில் எனக்குக் கிடைத்தது ‘நாளை வாருங்கள்’ மட்டும். ஆனால் நகைக் கணக்கு சரி. பதினெட்டாயிரத்தை விடுவதைவிட ஆறாயிரம் மேல். அதை ஒப்புக்கொள்கிறேன்.

என் கடையிலும் ஒரு கூத்து நடக்கிறது. ரூபே கிரெடிட் கார்டை யுபிஐ-யில் சேர்த்த பிறகு, 2022-இல் வந்த வசதி இது, வருபவர்கள் வங்கிக் கணக்கிலிருந்து கொடுக்கிறோமா, கடனில் கொடுக்கிறோமா என்று பார்ப்பதே இல்லை. க்யூஆர் ஒன்றுதான், பீப் சத்தமும் ஒன்றுதான். பக்கத்து டீக்கடையில் பன்னிரண்டு ரூபாய் டீயைக் கடனில் குடித்துவிட்டுப் போகிறார்கள். கேட்டால் புள்ளி வருகிறதாம்.

மாந்தோப்பு | செவ்வாய், இரவு 8.40

சம்பளக்காரர்கள் நடுவில் நுழைகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். சந்தூர்ப் பக்கம் எனக்கு நான்கு ஏக்கர், பெங்களூரா மா. ஏப்ரலில் தொடங்கி ஜூலையில் முடிந்துவிடும். வருடத்தில் எனக்குச் சம்பள நாள் அதுதான். மாங்கூழ் ஆலைக்குப் போட்டால் பணம் எப்போது வரும் என்பது ஆலைக்குத்தான் தெரியும். கார்டுக்காரனோ மாதம் தவறாமல் 10-ஆம் தேதி கேட்கிறான். பூச்சி மருந்துக் கடையில் கார்டு தேய்த்து, காய் இறங்கும் வரை இரண்டு வருடம் வட்டி கட்டினேன். மாமரத்துக்குப் பில் தேதி தெரியுமா?

பிறகு சங்கத்துக்குப் போனேன். கூட்டுறவுக் கடன் சங்கத்தில் பயிர்க்கடன் வாங்கி, கெடுவுக்குள் கட்டிவிட்டால் வட்டியே இல்லை. வங்கியில் கிசான் கார்டு என்றால் 3 லட்சம் வரை, ஒழுங்காகக் கட்டுபவருக்கு 4 சதவீதம். இரண்டிலும் அறுவடையை ஒட்டிக் கெடு வைக்கிறார்கள். அதுவும் கார்டுதான், இதுவும் கார்டுதான். இந்த வித்தியாசத்தை எந்தக் குடைக்காரப் பையனும் எனக்குச் சொல்லவில்லை.

தொப்பூர்_லாரி | செவ்வாய், இரவு 8.55

குடைக்காரப் பையனைத் திட்டாதீர்கள். அவனுக்கு எத்தனை கையெழுத்து வாங்கினான் என்பதுதான் சம்பளம்.

காவேரிப்பட்டணம்_தம்பி | புதன், இரவு 10.50

வீட்டில் சொல்லிவிட்டேன்.

சாப்பிட்டு முடித்து, மகள் தூங்கிய பிறகு, பில்லைக் காகிதத்தில் அச்செடுத்து வந்து சமையல்கட்டுத் தரையில் வைத்தேன். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. மளிகை நோட்டுக்கு வைத்திருக்கும் சிவப்புப் பேனாவை எடுத்து வந்து முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தாள். ஒவ்வொரு வரிக்கும் ‘இது என்ன?’ பெட்ரோல். இது? மகள் பள்ளிக்கூடப் பை. இது? உன் தம்பி கல்யாணத்துக்கு எடுத்த பட்டுப்புடவை. அந்த இடத்தில் கொஞ்ச நேரம் பேனா நின்றது. பிறகு வட்டி 2,100, அதற்கு டிக் போட்டாள். ஜிஎஸ்டி 378, அதற்கும் டிக்.

அதற்கடுத்து ஒரு வரி. ‘பாதுகாப்புத் திட்டம் 249.00’. கீழே ‘ஜிஎஸ்டி 44.82’. இது என்ன என்றாள். எனக்குத் தெரியவில்லை. பழைய பில்களை எல்லாம் போனில் திறந்து பார்த்தோம். பதினான்கு மாதமாக அந்த வரி இருக்கிறது. மாதம் 293.82. கூட்டினால் 4,113 ரூபாய். எப்போதோ ஒரு போன் வந்து, ‘கார்டு தொலைந்தால் உதவும், சரி என்று சொல்லுங்கள் சார்’ என்றது மங்கலாக நினைவு வருகிறது. பஸ்ஸில் நின்றுகொண்டு ‘சரி சரி’ என்றிருப்பேன்.

மூன்று வருடமாக எனக்கு வரும் பில்லை அவள் இருபது நிமிடத்தில் படித்துவிட்டாள்.

பாலக்கோடு_டீச்சர் | புதன், இரவு 11.05

இருபது நிமிடம் ஆனதே புடவை வரியால்தான் என்று நினைக்கிறேன்.

பழைய_காசாளர் | வியாழன், காலை 6.05

அந்த 249-ஐ விடாதீர்கள். 2022-இல் ரிசர்வ் வங்கி கார்டுகளுக்கென்று விரிவான நெறிமுறை கொண்டுவந்தது. தொலைந்த கார்டுக்கான காப்பீடு போன்றவற்றை எழுத்திலோ டிஜிட்டலிலோ தெளிவான சம்மதம் வாங்கித்தான் கொடுக்கலாம். போனில் முனகிய ‘சரி சரி’ அந்தக் கணக்கில் வருமா என்று வங்கியே சொல்லட்டும். முதலில் வங்கிக்கு எழுத்தில் புகார், புகார் எண் வாங்குங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி இல்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்குப் போகலாம், செலவில்லை. சந்தேகம் கேட்க 14448 என்ற எண் இருக்கிறது.

இதே நெறிமுறையில் உங்களுக்கு வேண்டிய இன்னும் இரண்டு. கெடு தேதி தாண்டி மூன்று நாளுக்கு மேல் ஆனால்தான் தாமதக் கட்டணம் போடலாம். பாக்கி எல்லாம் கட்டி முடித்துவிட்டுக் கார்டை மூடச் சொன்னால் ஏழு வேலை நாளுக்குள் மூட வேண்டும், தவறினால் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 500 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும். இது பலருக்குத் தெரியாது. மூடச் சொல்லி எழுதிய தேதி கையில் இருக்க வேண்டும், வாய்வார்த்தை உதவாது.

ஓசூர்_கணக்கன் | வியாழன், காலை 9.10

கார்டை மூடுவதற்கு முன் யோசியுங்கள். பழைய கார்டை மூடினால் சிபில் மதிப்பெண்ணில், அதாவது கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று பார்த்துப் போடும் எண்ணில், கொஞ்சம் அடி விழலாம். கடன் வரலாற்றின் வயதும் அவர்கள் பார்ப்பதுதான். கார்டின் கடன் வரம்பில் 30 சதவீதத்துக்கு மேல் பயன்படுத்தாமல் வைத்திருந்தால் மதிப்பெண் தானாகத் தேறும். சிபில் போன்ற நான்கு கடன் தகவல் நிறுவனங்களும் வருடத்துக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தருகின்றன. எடுத்துப் பாருங்கள். குடைக்காரப் பையனும் போன்காரரும் சேர்ந்து இந்த மாதம் இரண்டு விசாரணை போட்டிருப்பார்கள், அதுவும் அதில் பதிவாகியிருக்கும்.

பழைய_காசாளர் | வியாழன், காலை 9.35

மதிப்பெண்ணா முக்கியம்? குடித்துத் திருந்தியவன் வீட்டில், ருசி பழையதாகிவிடக் கூடாது என்று ஒரு பாட்டிலை வைத்திருக்கச் சொல்வீர்களா?

ஓசூர்_கணக்கன் | வியாழன், காலை 9.52

ஐயா, தம்பி குடிகாரர் இல்லை. பில்லைப் படிக்காதவர், அவ்வளவுதான். நாளை வீட்டுக்கு மாடி எடுக்கக் கடன் கேட்டுப் போனால் உங்களைப் போன்ற காசாளர் அந்த மதிப்பெண்ணைத்தான் முதலில் பார்ப்பார். உங்கள் காலத்தில் மேலாளருக்கு முகம் தெரிந்தால் போதும். இப்போது எண்தான் முகம்.

பழைய_காசாளர் | வியாழன், காலை 10.15

மேலாளர்தான் பார்ப்பார், காசாளர் இல்லை. மற்றபடி நீங்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. மூடுவதா வேண்டாமா என்பதை அந்தச் சிவப்புப் பேனாவிடமே விட்டுவிடலாம்.

மாந்தோப்பு | வியாழன், இரவு 7.30

வட்டியில்லாத் தவணை என்று போன் கடையில் சொல்கிறார்களே, அதுவாவது உண்மையா? பையன் 24,000 ரூபாய்க்கு ஒரு போனைப் பார்த்து வைத்திருக்கிறான். ஆறு மாதம், மாதம் 4,000.

ஓசூர்_கணக்கன் | வியாழன், இரவு 8.05

முழு உண்மை இல்லை. வங்கி வட்டி போடத்தான் செய்கிறது. அதைக் கடையோ கம்பெனியோ தள்ளுபடியாகக் கழித்துக் காட்டுகிறது. 16 சதவீதம் என்றால் ஆறு மாதத்துக்கு வட்டி சுமார் 1,080. அந்த வட்டிக்கு உரிய ஜிஎஸ்டி 195 உங்கள் தலையில். செயல்முறைக் கட்டணம் 199 என்றால் வரியோடு 235. ஆக 430 ரூபாய் கூடப் போகும். கடைக்காரரிடம் ‘மொத்தமாக ரொக்கம் கொடுத்தால் எவ்வளவு குறைப்பீர்கள்?’ என்று கேட்டுப் பாருங்கள். ஆயிரம் குறைத்தார் என்றால், உங்கள் ‘வட்டியில்லா’ தவணைக்கு 1,430 வட்டி.

மாந்தோப்பு | வியாழன், இரவு 8.12

பையனிடம் இதைப் படித்துக் காட்டினேன். எழுந்து போய்விட்டான்.

காவேரிப்பட்டணம்_தம்பி | அடுத்த புதன், இரவு 9.20

ஒரு வாரமாக எழுத நேரமில்லை. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

சங்கிலியைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவளே வளையல் இரண்டை எடுத்துக் கொடுத்தாள். சங்கிலியை அடகு வைத்தால் கழுத்தைப் பார்த்து அம்மா கேட்பார்களாம், கையைப் பார்த்தால் ‘கழற்றி வைத்திருக்கிறேன்’ என்று சொல்லிக்கொள்ளலாமாம். திங்கள் கிழமை கிருஷ்ணகிரியில் ஒரு வங்கியில் வைத்தோம். எடை போட்டு, கல் உரசிப் பார்த்து, ஒன்றரை மணி நேரம். 60,000 கேட்டதற்கு 58,000 கொடுத்தார்கள். மீதியைச் சம்பளத்திலிருந்து போட்டு அன்று மாலையே கார்டு பாக்கியை முழுதும் கட்டிவிட்டேன். வளையலை மீட்க மாதம் 5,500 என்று நோட்டில் எழுதியிருக்கிறாள். கார்டுக்குப் போன 3,000, பெட்ரோலைக் கம்பெனி பஸ்ஸாக மாற்றியதில் 1,500, ஆன்லைனில் குறைத்தது 1,000.

249 விஷயத்தில், மூன்று மாதப் பிடித்தத்தை மட்டும் திருப்பித் தருகிறோம் என்றார்கள். மீதி பதினொரு மாதத்துக்கு எழுத்தில் புகார் கொடுத்து எண் வாங்கியிருக்கிறேன்.

குடைக்காரப் பையனின் கார்டு கூரியரில் வந்துவிட்டது. மனைவி பிரிக்கவில்லை, அப்படியே மளிகை நோட்டுக்குள் வைத்துவிட்டாள். 999 கார்டுக்காரரிடம் இப்போது வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வருடக் கட்டணத்தைப் பாதியாக்குகிறோம் என்கிறார்.

பழைய_காசாளர் | புதன், இரவு 9.35

பிரிக்காமல் இருப்பது நல்லது. வாங்கி 30 நாளில் இயக்காவிட்டால் உங்கள் சம்மதத்தை ஓடிபி மூலம் அவர்கள் கேட்க வேண்டும். எண்ணைச் சொல்லாதீர்கள். சம்மதம் இல்லையென்றால் ஏழு வேலை நாளில் கட்டணமில்லாமல் மூடியாக வேண்டும். பழைய கார்டில், கட்டிய நாள் வரைக்குமான வட்டி அடுத்த பில்லில் ஒரு வால் போல வரும். அறுநூறோ எழுநூறோ இருக்கலாம். ‘கட்டிவிட்டோமே’ என்று அதை விட்டுவிடாதீர்கள், டீச்சரின் ஆயிரம் ரூபாய்க் கதையாகிவிடும்.

பாக்கி இல்லை என்று கடிதம் வாங்கினீர்களா?

காவேரிப்பட்டணம்_தம்பி | புதன், இரவு 9.38

இல்லை ஐயா. அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. நாளை இரண்டாம் ஷிப்டு, காலையிலேயே கேட்டுவிடுகிறேன்.

பாலக்கோடு_டீச்சர் | புதன், இரவு 9.50

உங்கள் மனைவி பார்த்த அந்தப் பில்லின் நகல் ஒன்று கிடைக்குமா? பெயரையும் எண்ணையும் அடித்துவிட்டுக் கொடுங்கள். என் வாஷிங் மெஷின் பில் பிள்ளைகளுக்குப் பழகிவிட்டது.